வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள்

“இறுதிச் சுற்று எத்தனை மணிக்கு?” திருகோணமலையில் நாங்கள் நடத்தும் பி.எம்.எக்ஸ் சைக்கிள் போட்டியைப் பற்றி, மார்கழி பிறந்தால் என் தொலைபேசிக்கு வரும் முதல் கேள்வி இதுதான். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். நான் அப்படிச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு வாருங்கள், அழுக்கானாலும் பரவாயில்லை என்னும்படி பழைய உடுப்போடு வாருங்கள் என்கிறேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு ஞாயிறுதான் வருகிறார்கள். மீதிப் பேரில் சிலர் சொல்கேட்டு வருகிறார்கள். அவர்களில் எவரும் அடுத்த வருடம் ஞாயிறு மட்டும் எட்டிப்பார்க்கும் ஆளாக மாறியதை நான் கண்டதில்லை.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பி.எம்.எக்ஸ் என்பது 20 அங்குலச் சில்லும் கியர் இல்லாத ஒற்றைச் செயினும் மிகத் தாழ்ந்த இருக்கையும் கொண்ட சின்னச் சைக்கிள். 1970களின் தொடக்கத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்து ஆசைப்பட்ட தென் கலிபோர்னியாச் சிறுவர்கள் மண்மேடுகளில் தங்கள் மிதிவண்டிகளைப் பாய்ச்சியதில் பிறந்த விளையாட்டு. அதில் பந்தயம் ஒரு கிளை. அது 2008 இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நுழைந்தது. சாய்தளங்களில் ஏறி அந்தரத்தில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் இன்னொரு கிளை. அதற்கு ஒலிம்பிக் கதவு திறந்தது டோக்கியோவில்தான், அதாவது 2021 இல். திருகோணமலையில் நாங்கள் கூடுவது இந்த இரண்டாவது கிளைக்காக.

எங்கள் போட்டிக்குப் பெயர் இல்லை, பதாகை இல்லை, அனுசரணையாளரும் இல்லை. நகருக்குள் ஒரு பழைய நெல் களஞ்சியம் இருக்கிறது. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வந்து நிறையும்வரை அது வெறுமையாகவே கிடக்கும். உரிமையாளர் இளமையில் வீதிச் சைக்கிள் பந்தயம் ஓடியவர். வாடகை வாங்குவதில்லை, ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருக்கிறார். தரையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. அந்த நிபந்தனை எங்களை எவ்வளவு ஒழுங்குபடுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூரைக்குக் கீழே நடத்துவது பகட்டுக்காக அல்ல. பாடசாலைகள் விடுமுறை விடுவது மார்கழியில். வாடைக்காற்றும் மழையும் எங்கள் கரையைப் போட்டு அடிப்பதும் அதே மார்கழியில். எஸ்தோனியாவின் தாலின் நகரில் சிம்பிள் செஷன் என்ற பெயர்பெற்ற போட்டியைப் பல ஆண்டுகள் குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் நடத்தினார்கள். அவர்களைப் பனி உள்ளே தள்ளியது, எங்களை மழை. அதன் காணொளிகளைப் பார்த்துத்தான் எங்கள் பொடியன்களுக்கு இந்த எண்ணமே பிடித்தது. அங்கே அரங்கு நிறைய இருக்கைகள். இங்கே நெல்மூட்டைகளுக்கு அடியில் வைக்கும் மரச்சட்டங்களை அடுக்கி அதன்மேல் ஏறி இருந்து பார்க்கிறோம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் ஒரு மரக்காலையில் கணக்கு எழுதுபவன். எங்கள் சாய்தளங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, தார்ப்பாய் போர்த்து, வருடம் முழுவதும் அந்த மரக்காலையின் பின்பக்கத்தில் கிடக்கும். வெள்ளி மத்தியானம் அவற்றைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றி வருவோம். லொறி வந்து நிற்பதற்கும் கிண்ணியாப் பொடியன்கள் தொழுகை முடிந்து வந்து இறங்குவதற்கும் சரியாக இருக்கும். என் சிறுவயதில் கிண்ணியாவுக்குப் போவதென்றால் இறங்குதுறையில் பாதைப்படகுக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009 இல் பாலம் திறந்த பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. அவர்கள் அந்தப் பாலத்தின் ஓரத்திலேயே முன்சில்லைத் தூக்கி ஓட்டப் பழகிவிட்டு வருகிறார்கள். நான் கண்டால் ஏசுவேன், அவர்கள் சிரிப்பார்கள்.

எங்களிடம் இருப்பவற்றில் பெரியவை இரண்டு குவாட்டர் பைப்புகள். நிலத்திலிருந்து வளைந்தெழுந்து மேலே ஒரு மேடையில் முடியும் சாய்தளம் அது. கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், ஏனெனில் வேறு ஊர்களிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வளைவின் ஆரத்தை. எங்களுடையது 4 அடி உயரம், 7 அடி ஆரம். தரையில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து 7 அடி நூல் கட்டி, நூலின் மறுமுனையில் பென்சிலைக் கட்டி 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் வளைவை வரைந்தோம். இந்த அளவுக்குச் சாய்தளத்தின் அடி ஏறத்தாழ 6 அடி 4 அங்குலம் நீளும். உச்சியில் பலகை 65 பாகை அளவில் சாய்ந்து நிற்கும். அதே உயரத்துக்கு 5 அடி ஆரம் எடுத்தால் உச்சி 78 பாகைக்கு நிமிர்ந்துவிடும். இடம் மிச்சம்தான். ஆனால் புதிதாக ஓடும் பிள்ளை அதில் ஏறினால் சுவரில் முட்டியதாகவே உணரும், இரண்டாம் முறை ஏறாது. இடம் குறைவென்றால் உயரத்தைக் குறையுங்கள். ஆரத்தில் கை வைக்காதீர்கள்.

இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவில் இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டங்களை 8 அங்குலத்துக்கு ஒன்றாகப் பூட்டுகிறோம். அதன்மேல் 9 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டு அடுக்கு. மேற்பரப்பு நார் சாய்தளத்தின் அகலவாக்கில் ஓடும்படி படுக்கவைத்தால் பலகை இணங்கி வளையும். நீளவாக்கில் வைத்தால் முரண்டு பிடிக்கும், சில வேளை வெடிக்கும். கீழடுக்கின் பொருத்தும் மேலடுக்கின் பொருத்தும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ஆணி வேண்டாம், திருகாணிதான். ஆணி நாலு நாள் அதிர்வில் தலை தூக்கிவிடும். எங்கள் ஊர் ஈரத்துக்குப் பலகை ஊதும் என்பதால் தாள்களுக்கு இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடுகிறோம். விளிம்புகளுக்குப் பெயின்ற் அடிக்காத பிளைவூட் ஒரு மாரியைத் தாங்காது. உச்சி விளிம்பில் 2 அங்குல இரும்புக் குழாய் பதிக்கிறோம். அது பலகையை விட ஒரு பென்சில் பருமன் துருத்தி நிற்க வேண்டும். சைக்கிளின் அச்சில் பூட்டும் பெக் என்ற குழாய்த்துண்டு அதன்மேல் வழுக்கிச் செல்லும்போது ஓட்டுநருக்கு விளிம்பு எங்கே என்பது பாதத்தாலேயே தெரிய வேண்டும்.

இவ்வளவு விபரமாக நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை திருகாணி முறுக்கியவனுக்கு வலப்பக்கச் சாய்தளத்தின் மூன்றாம் பொருத்து சற்று மேடாக இருப்பது தெரியும். மேடைப் பலகை எந்த மூலையில் அதிரும் என்பதும் தெரியும். ஞாயிறு காலை வந்து இறங்கும் கெட்டிக்காரன் அதையெல்லாம் விழுந்துதான் அறிகிறான். அமெரிக்காவில் மண்மேட்டுப் பாதைகளில் ஓடுபவர்களிடம், மண் கொத்தாதவனுக்கு ஓட்டமும் இல்லை என்றொரு வழக்கம் உண்டு. முதலில் அது எனக்கு முரட்டுத்தனமான விதியாகத்தான் பட்டது. இப்போது நியாயமாகவே படுகிறது. டோக்கியோவில் ஆண்களுக்கான முதல் தங்கத்தை வென்ற அவுஸ்திரேலியரான லோகன் மார்ட்டின், பெருந்தொற்றுக் காலத்தில் தன் வீட்டுப் பின்வளவிலேயே ஒரு முழு ஓடுதளம் கட்டிப் பயின்றவர். அவரிடம் இருந்த பணம் எங்களிடம் இல்லை. திருகாணி இருக்கிறது.

பலகை வேலை நடக்கும்போதே தரை வேலையும் நடக்கும். உரிமையாளரின் நிபந்தனை நினைவிருக்கிறதா? சாய்தளங்களின் காலுக்கு அடியில் பழைய லொறி டியூபை வெட்டிப் போடுகிறோம். கீறலும் விழாது, சாய்தளமும் நகராது. ஊசி போன்ற இரும்பு முனைகள் கொண்ட மிதிகளுக்கு அனுமதி இல்லை, பிளாஸ்டிக் மிதி மட்டும். இரும்புப் பெக் போட்டிருப்பவர் அதற்குப் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். கைபிடியின் முனைகள் மூடியிருக்க வேண்டும். இது தரைக்காக மட்டும் அல்ல, திறந்த குழாய் முனை விழும்போது வயிற்றில் ஆழமாக வெட்டிவிடும். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் இந்த விதிகளால்தான் பிற்பாடு ஒரு பாடசாலை மண்டபமும் எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது. மண்டபம் தருபவரிடம் திறமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. டியூப் துண்டையும் பிளாஸ்டிக் உறையையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பிறகு கூட்டுதல். சீமெந்துத் தரையில் நெல் உமியின் தூசு எப்போதும் இருக்கும். அந்தத் தூசில் வாடையின் ஈரமும் சேர்ந்தால் சில்லு வழுக்கும். ஒரு வரிசையில் நின்று ஒரே திசையில் கூட்டி, பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் மறுமுறை துடைப்போம். கொழும்பிலிருந்து வந்த ஒரு பொடியன், கைபேசியில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் ஆள், முதல் வருடம் துடைப்பத்தைக் கண்டு ஒதுங்கி நின்றான். எங்கள் மூதூர்த் தம்பி ஒன்றும் பேசாமல் இன்னொரு துடைப்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இன்று தரை வேலைக்குப் பொறுப்பாளனே அந்தக் கொழும்புப் பொடியன்தான். சிங்களமும் தமிழும் கலந்து அவன் மற்றவர்களை விரட்டுவதைக் கேட்க வேண்டும்.

இரவில் வெளியூரார் வந்து சேர்வார்கள். மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ்ஸில், கொழும்பிலிருந்து இரவு ரயில் ஏறுபவர்கள் மட்டும் விடியும் வேளையில். பி.எம்.எக்ஸ் சின்னது என்பதால் கழற்றினால் ஒரு பையில் அடங்கிவிடும். கைபிடி, முன்சில்லு, மிதிகள் மூன்றையும் கழற்றி, சட்டத்தைக் காட்போட் மட்டையால் சுற்றினால் நடத்துநரோடு வாக்குவாதம் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் வைத்திருங்கள்: இடப்பக்க மிதியின் புரி எதிர்த்திசையில் ஓடும், ஆகவே கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் பலம் முழுவதையும் போட்டு இறுக்கிக்கொண்டே நிற்பவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

படுக்கை களஞ்சியத்திலேயே, பாயில். கொத்துரொட்டிப் பொதிகளும் பிளேன்டீயும் வந்துவிட்டால் பேச்சு நள்ளிரவு தாண்டும். வருபவர்களுக்கு நான் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை சொல்லிவைக்கிறேன். மார்கழியில் விடிவதற்கு வெகுமுன்னரே கோவில் ஒலிபெருக்கிகளில் திருவெம்பாவை தொடங்கிவிடும். தலையணைக்குள் முகம் புதைத்தாலும் பயனில்லை. கண்டியிலிருந்து வந்த ஒருவர், எழுந்ததுதான் எழுந்தோம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டை வாசல் வழியாகச் சுவாமி மலை ஏறிக் கோணேசர் கோவில்வரை போய்த் திரும்பினார். இப்போது அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏற்றத்தில் ஒற்றைக் கியர்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் அந்த ஊர்வலத்தைக் கோட்டைக்குள் மேயும் மான்கள் தலைநிமிர்த்திப் பார்க்கும். மான்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று: போட்டியாளர் இலக்கங்களைத் தாளில் எழுதி வாசலில் வைக்காதீர்கள். நகரத்து மான்களுக்குத் தாளும் தீனிதான். ஒரு வருடம் அவை தின்றுவிட்டதில் பலர் இலக்கமில்லாமலே ஓடினார்கள்.

சனிக்கிழமை பயிற்சி நாள். என்னைக் கேட்டால் பார்வையாளருக்கு இதைவிடச் சிறந்த நாள் இல்லை. ஞாயிறு பார்ப்பது விடை மட்டும். சனி பார்ப்பதுதான் கணக்கு.

பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. எல்லோரையும் பார்க்காதீர்கள். ஒருவரைத் தெரிவு செய்து அவர் எதை முயல்கிறார் என்று கவனியுங்கள். டெயில்விப் என்றொரு வித்தை உண்டு. அந்தரத்தில் கைபிடியைப் பிடித்தபடி காலால் சைக்கிளின் உடலை உதைத்து ஒரு முழுச்சுற்றுச் சுற்றவிட்டு, திரும்பி வரும் மிதிகளைக் காலால் ஏந்திக்கொள்ள வேண்டும். புதியவர் முதலில் உதைக்க மட்டும் பழகுவார். சைக்கிள் அரைச்சுற்றில் விழும். பிறகு முழுச்சுற்று வரும், கால் தவறும். பிறகு ஒரு கால் மட்டும் மிதியில் விழும். கடைசியில் ஒருநாள் இரண்டு காலும் மிதியில் இருக்கும். அந்த வரிசை தெரிந்த கண்ணுக்கு ஒவ்வொரு விழுகையும் வேறு விழுகை. ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி சனி முழுவதும் ஒற்றைக் காலில் வந்து விழுந்துகொண்டிருந்தான். மாலையில் மற்றவர்கள் தங்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவனுக்குச் சாய்தளத்தை விட்டுக்கொடுத்து, பலகையைக் கையால் தட்டித் தட்டி உசுப்பேற்றினார்கள். இரண்டு காலும் மிதியில் விழுந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்து வளவு நாய்கள் குரைக்கத் தொடங்கிவிட்டன. ஞாயிறு போட்டியில் அதே வித்தையை அவன் தவறவிட்டான். அதைப் பற்றி இன்றுவரை யாரும் பேசுவதில்லை; சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஓட வருபவர்களுக்குச் சில நடைமுறைகள். மேடையில் வரிசை எழுதிவைத்திருக்காது. ஆனால் வரிசை இருக்கிறது. முந்தியவர் ஓடி முடிக்கும்வரை இறங்கக்கூடாது, இறங்குமுன் எதிர்மேடையில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். விழுந்தால் முதலில் சைக்கிளோடு ஓரத்துக்கு வாருங்கள், வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழ முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், எல்லாரும் நின்றுவிடுவார்கள். சிறுவர்களுக்கென ஒரு மணித்தியாலத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். பெரியவர்கள் அன்பாக விட்டுக்கொடுப்பார்கள் என்று நம்பி விட்டால், நடுங்கிக்கொண்டு மேடையில் நிற்கும் பிள்ளை மாலைவரை நின்றுகொண்டே இருக்கும்.

களஞ்சியத்தின் தென்மூலை என் மருமகளின் இராச்சியம். அக்காவின் மகள். அவள் சாய்தளப் பக்கமே வருவதில்லை, அவளுடையது ஃபிளாட்லாண்ட்: வெறும் சமதரையில் சைக்கிளின் மேலேயே நின்று, சுற்றி, ஏறி இறங்கும் கலை. 1970களின் பிற்பகுதியில் பொப் ஹாரோ போன்றவர்கள் கலிபோர்னியாவில் சமதரைகளில் காட்டிய வித்தைகளிலிருந்து வளர்ந்த மரபு. மழை பெய்யும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் அறியேன். ஒரு விறாந்தையின் அகலம் போதும். அவள் பழகியதும் வீட்டு விறாந்தையில்தான். பூச்சாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்ததை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் செய்யும் ஹாங் ஃபைவ் என்ற வித்தையில் ஒரு கால் முன்சில்லின் பெக்கில் நிற்கும், பின்சில்லு அந்தரத்தில் இருக்கும், மற்றக் கால் சமநிலைக்காகக் காற்றில் துழாவும். சைக்கிள் முன்சில்லில் மட்டும் உருண்டு போகும். கழுத்தில் பாம்பைப் போட்டிருப்பவரைப் போல, அவசரப்படாமல் அதே நேரம் அசட்டையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதற்குச் சில்லில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். அவள் 100 பி.எஸ்.ஐ அளவில் வைத்திருப்பாள். சாய்தளத்தில் ஓடுபவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் தெருவில் ஓடும் அளவுக்குத் தளர்த்தியும் வைக்கக்கூடாது. தளர்ந்த டயர் பலகையில் வேகத்தைத் தின்றுவிடும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைப் பார்க்காமல் காற்றடிக்க வேண்டாம்.

அக்கா முதன்முதலில் போட்டிக்கு வந்தது மகளைத் தடுத்து வீட்டுக்கு அழைத்துப் போகத்தான். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு வேறு ஏதாவது படிக்காமல் இது என்ன கூத்து என்று வாசலிலேயே என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. தேங்காய்ச் சம்பலுக்கு ஆள் போதாமல் இருந்தது, அவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தேன். சம்பல் அரைபட்ட இடத்திலிருந்து தென்மூலை நன்றாகத் தெரியும். இப்போது சமையல் முழுவதும் அக்காவின் கையில். பெற்றோரை ஒப்பவைக்கப் பேசிப் பேசி நான் வென்றதில்லை. வேலை கொடுத்து வென்றிருக்கிறேன்.

விழுகைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்ல. முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் இந்த விளையாட்டின் சாதாரணக் கணக்கு. திருக்கடலூரில் மீன்பிடிக் குடும்பத்துப் பொடியன் ஒருவன் ஒரு பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவருவான். வீங்கிய கணுக்காலுக்கு மீன்வாடை வீசும் ஐஸ்தான் எங்கள் முதலுதவி. தலை மட்டும் வேறு விடயம். டேவ் மிரா என்ற அமெரிக்கர் இந்த விளையாட்டின் மாபெரும் பெயர்களில் ஒன்று. எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டிகளில் 24 பதக்கங்கள் வென்றவர். 2016 இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பின்னர் அவரது மூளையைப் பரிசோதித்தபோது, மீண்டும் மீண்டும் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ என்னும் மூளைச்சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. ஆகவே எங்களிடம் ஒரு விதி பேரம் பேச முடியாதது. தலை தரையில் பட்டால் அந்த வார இறுதியில் ஓட்டம் முடிந்தது, வைத்தியரிடம் போக வேண்டும். ஆள் நன்றாகத்தான் சிரித்துப் பேசுகிறான் என்றாலும் சரி, இறுதிச் சுற்றில் முதலிடத்தில் நிற்கிறான் என்றாலும் சரி. கெஞ்சுவார்கள். நண்பர்களும் சேர்ந்து கெஞ்சுவார்கள். அதனால் அந்த முடிவை எடுக்கும் உரிமையை ஓட்டுநர்களிடம் விடாமல் அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். அக்காவிடம் கெஞ்சத் துணிந்தவர் இதுவரை இல்லை.

ஞாயிறு. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒலிம்பிக் இறுதியில் உள்ள முறையைத்தான் பின்பற்றுகிறோம்: ஆளுக்கு 60 வினாடி கொண்ட இரண்டு ஓட்டம், இரண்டில் சிறந்தது கணக்கில் சேரும். இந்த முறையின் அழகை டோக்கியோவில் பெண்கள் பிரிவில் பார்த்தோம். பிரித்தானியாவின் சார்லட் வேர்திங்டன் முதல் ஓட்டத்தில் பின்கரணத்தோடு 360 பாகை திரும்பும் வித்தையை முயன்று விழுந்தார். இரண்டாம் ஓட்டத்திலும் அதையே முயன்று, தரையிறங்கி, 97.50 புள்ளிகளோடு தங்கம் வென்றார். சராசரி எடுக்கும் முறையாக இருந்திருந்தால் எவருக்கு அந்தத் துணிவு வந்திருக்கும்? சிறிய ஊர்களில் போட்டி நடத்துபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். விழுவதற்குத் தண்டனை வைத்தால் எல்லோரும் தெரிந்ததையே செய்துவிட்டுப் போவார்கள்.

நடுவர்கள் மூவரும் பழைய ஓட்டுநர்கள். கடினம், உயரம், தளத்தின் எல்லா இடங்களையும் பயன்படுத்திய விதம், தடங்கல் இல்லாத ஓட்டம், தனக்கேயுரிய பாணி எல்லாம் பார்ப்பார்கள். முடிவில் சண்டை வராத வருடம் இல்லை. பரிசாகப் பணம் கொடுப்பதை நான் எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். 2022 இல் எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது ஊரே சைக்கிளுக்குத் திரும்பியது. அதோடு உதிரிப்பாகங்களின் விலையும் மேலே போய்விட்டது. ஒரு நல்ல டயருக்கு மாதக்கணக்கில் காசு சேர்க்கும் பொடியன்கள் இருக்கிறார்கள். ஆகவே முதற்பரிசு ஒரு சோடி டயர், இரண்டாவது ஒரு செயின், மூன்றாவது டியூபுகள். கடைசியாக வந்தவருக்கும் ஒரு டியூப் உண்டு. ஒரு வருடம் முதற்பரிசு பெற்றவர் அந்த டயர்களை அங்கேயே வேறொருவருடைய தேய்ந்த சில்லில் மாட்டிக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனார். பணத்தை அப்படி யாரும் கழற்றிக் கொடுப்பதில்லை.

கடற்கரை ஊர்க்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு. வாடை காலத்தில் உப்புக்காற்று செயினையும் கம்பிகளையும் ஓர் இரவில் சிவக்க வைத்துவிடும். தேங்காயெண்ணெய் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தூசைச் சேர்த்துப் பசையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயைச் சிறிதளவு விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். களஞ்சியத்துக்குள் எண்ணெய் சொட்டும் சைக்கிளோடு வந்தால் தரைப் பொறுப்பாளன் வாசலிலேயே மறிப்பான். அவனுக்கு இப்போது தமிழில் ஏசவும் தெரியும்.

அடுத்த வருடத்தைப் பற்றித்தான் இன்னும் முடிவாகவில்லை. மட்டக்களப்பு அண்ணன், போட்டியை ஒரு வருடம் தங்கள் பக்கம் வைக்க வேண்டும் என்று நிற்கிறார். அவர் கேட்பது நியாயம். அங்கிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் செலவையும் நான் அறிவேன். ஆனால் சாய்தளங்களை அவ்வளவு தூரம் ஏற்றி இறக்கினால் பிளைவூட்டின் விளிம்புகள் தாங்குமா என்பதுதான் என் கவலை. “பலகையைத் தூக்கிச் சுமப்பதை விட நாங்களே புதிதாகக் கட்டிவிடுகிறோம் தம்பி, நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்து திருகாணி முறுக்குங்கள்” என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னார். 7 அடி நூலையும் பென்சிலையும் பற்றி அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். கூரை ஒழுகாத இடம் ஒன்றை அவர் கண்டுபிடிக்க வேண்டும்.